ஒற்றைச் சக்கர சைக்கிளில் எம்பித் திண்டேறுவது எப்படி: ஒரு செங்கல்லில் தொடங்கி ஏற்காட்டுப் பாறை வரை

"சக்கரம் மேல வரவே மாட்டேங்குதுண்ணா. நான் மட்டும்தான் மேல போறேன்."

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு காலி மனையில் காலை நேரத்தில் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. தரையில் படுக்கப் போட்ட ஒரே ஒரு செங்கல். அதன்மேல் ஏற ஒரு வாரமாக முட்டி மோதிக்கொண்டிருந்தான். கபடி ஆடுகிறவன், காலில் வலுவுக்குக் குறைவில்லை. அவன் கையைப் பார்த்தேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து வைத்திருந்தான். சீட்டை யாருமே பிடித்திருக்கவில்லை.

சாதாரண சைக்கிளில் எம்பினால் முன்சக்கரத்தைத் தூக்க ஹேண்டில்பார் இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தில் அது இல்லை. உங்கள் பாதம் பெடலின் மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, கட்டி வைக்கவில்லை. நீங்கள் எம்பினால் நீங்கள் போவீர்கள், சக்கரம் தரையிலேயே நிற்கும். அதைக் கூட்டிக்கொண்டு போவது சீட்டைப் பிடித்திருக்கும் கை ஒன்றுதான். கீழே எழுதியிருப்பது எல்லாமே கடைசியில் இந்தக் கைக்கு வந்து சேரும்.

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உதவியில்லாமல் ஏறி உட்காரத் தெரிந்து, ஐம்பது மீட்டர் விழாமல் ஓட்டி, இரண்டு பக்கமும் திரும்பத் தெரிந்தவர்களுக்கு. அது வராதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள். எம்புவதைக் கற்க அவசரப்பட்டு ஓட்டுவதை அரைகுறையாக விட்டவர்கள் பிறகு இரண்டுக்கும் சேர்த்து நேரம் செலவழிக்கிறார்கள்.

வண்டி

எம்புவதற்கென்று செய்யப்படும் வண்டிகளில் 19 அங்குலச் சக்கரம் இருக்கும். ரிம் சின்னது, டயர் தடிமன், அகலம் 2.5 அங்குலம். காற்றடைத்த பிறகு மொத்த விட்டம் ஏறத்தாழ 50 செ.மீ. வரும். இந்த 50 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும். சாதாரண 20 அங்குலச் சக்கரத்திலும் பழகலாம், ஆனால் ஒல்லி டயர் என்றால் ரிம் அடிபடும். 24 அங்குலத்துக்கு மேல் போனால் சக்கரத்தின் எடையே கையை இழுத்துவிடும்.

பெடலை அச்சோடு இணைக்கும் கம்பிதான் கிராங்க். அதன் நீளம் 125 முதல் 140 மி.மீ. வரை நல்லது. குட்டையான கிராங்க் வேகமாக ஓட்ட உதவும். நின்ற இடத்தில் சமநிலை பிடிக்க நீளமான கிராங்க்தான் கைகொடுக்கும்.

அடுத்தது அச்சு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் கிராங்க் மாட்டும் அச்சு முனை சதுரமாக இருக்கும். ஓட்ட அது போதும். எம்பி எம்பி இறங்கினால் அது மாட்டும் கிராங்கின் சதுரத் துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வாய் பெரிதாகிவிடும். என் முதல் வண்டிக்கு அதுதான் நடந்தது. மூன்றாவது மாதம் கிராங்க் ஆட ஆரம்பித்தது. இறுக்கினேன், மறுபடி ஆடியது. லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இதுல போடுற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் தம்பி" என்று திருப்பித் தந்தார். திண்டேறுவதுதான் நோக்கம் என்றால் பல் வெட்டிய அச்சு உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஐஎஸ்ஐஎஸ் (ISIS) வகைப் பல் அச்சு என்று கேட்டால் கிடைக்கும்.

பெடலில் ஒரு நுணுக்கம் உண்டு. இடது பெடலின் மரை இடப்பக்கம் திரும்புவது, வலது பெடலின் மரை வலப்பக்கம் திரும்புவது. ஒற்றைச் சக்கரத்துக்கு முன் எது பின் எது என்று பார்த்தவுடன் தெரியாது என்பதால், சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் பெடல் தானே கழன்று வரும், கிராங்க் மரையும் போய்விடும். பெடல் முனையில் இருக்கும் எல், ஆர் எழுத்தைப் பார்த்து, உங்கள் இடக்காலுக்குக் கீழே எல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

சீட் உயரத்தைச் சாலையில் ஓட்டுவதைவிட நாலு விரற்கடை இறக்குங்கள். மடக்க முழங்காலுக்கு இடம் வேண்டும். சீட்டின் முன்பக்கம் உறுதியான கைப்பிடி இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் விளிம்பைப் பிடித்து இழுத்தால் விரல் தோல் உரிந்துவிடும்.

காற்று: பஞ்சர் கடையில் கொடுத்தால் பழக்கத்தில் கல்லு மாதிரி அடித்துத் தருவார்கள். நமக்கு அது ஆகாது. டயர் பந்து போல அமுங்கி எழ வேண்டும், ஆனால் இறங்கும்போது ரிம் தரையில் இடிக்கக் கூடாது. நான் 62 கிலோ, 2.5 அங்குல டயரில் 20 பிஎஸ்ஐ வைத்துக்கொள்கிறேன். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். நின்ற இடத்தில் நன்றாக எம்பிப் பாருங்கள். 'டொக்' என்று உலோகச் சத்தம் கேட்டால் காற்று போதாது. சித்திரை வெயிலில் வண்டியை வெளியே விட்டால் காற்று விரிந்து டயர் விறைப்பாகிவிடும், அதையும் கவனியுங்கள்.

உடம்புக்கு

ஹெல்மெட் கட்டாயம். அதற்கு அடுத்தபடி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை மூடும் கவசம். கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் ஷின் கார்டாவது வேண்டும். எம்பும்போது பாதம் நழுவினால் பெடல் சுழன்று வந்து நேராக அந்த எலும்பில்தான் அடிக்கும். பெடலில் இரும்பு ஊசிகள் இருந்தால் தோல் கிழியும். என் வலக்காலில் நாலு தையல் போட்ட தழும்பு இருக்கிறது, கவசத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரே ஒரு நாளில் வந்தது அது. மணிக்கட்டுக் கவசமும் கையுறையும் போடுங்கள். ஷூ தட்டையான அடிப்பாகத்துடன், கணுக்காலை மூடுவதாக இருந்தால் நல்லது. லேஸை உள்ளே செருகிவிடுங்கள். கிராங்கில் சுற்றிக்கொண்டால் இறங்கவே முடியாது.

முதல் படி: நின்ற இடத்தில் எம்புவது

சுவரோ கம்பமோ பக்கத்தில் இருக்கட்டும். ஏறி உட்கார்ந்து, இரண்டு கிராங்கும் தரைக்கு இணையாக வரும்படி நிறுத்துங்கள். எந்தக் கால் முன்னால் இருந்தால் இயல்பாக இருக்கிறது என்று இரண்டையும் மாற்றிப் பாருங்கள். தெருவில் பாண்டி ஆடும்போது எந்தக் காலில் நொண்டுவீர்களோ அதை வைத்துத் தொடங்கலாம், ஆனால் அது விதி இல்லை.

இப்போது எழுத்து எழுதும் கையால் சீட்டின் முன் கைப்பிடியைப் பிடியுங்கள். மற்றக் கை வெளியே, சமநிலைக்கு. எடையைச் சீட்டிலிருந்து பெடலுக்கு மாற்றுங்கள். சீட்டின் மேல் உட்கார்ந்தும் உட்காராமலும், தோப்புக்கரணத்தில் பாதி எழுந்த நிலையில் இருப்பது போல. இரண்டு பாதத்திலும் சம எடை இருக்க வேண்டும். முன்பாதத்தில் அதிகம் போனால் சக்கரம் முன்னே உருளும், பின்பாதத்தில் போனால் பின்னே உருளும்.

சுவரைத் தொட்டபடியே சின்னதாக எம்புங்கள். தரைக்கும் டயருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும் அளவு போதும். எம்பும்போது சீட்டை மேல்நோக்கி இழுங்கள். பாதம் பெடலைவிட்டு எழக் கூடாது, பெடல் உங்கள் பாதத்தை ஒட்டியே வர வேண்டும். அது ஒட்டி வந்தால் கை சரியாக வேலை செய்கிறது. பாதம் எழுந்து திரும்பப் பெடலில் 'தப்' என்று விழுந்தால் கை தாமதிக்கிறது.

சுவரைவிட்டு வந்த பிறகு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: விழுகிற திசைக்குச் சக்கரத்தை நகர்த்துங்கள். உடம்பு முன்னே சாய்கிறதா, அடுத்த எம்பலில் சக்கரத்தை முன்னே வையுங்கள். இடப்பக்கம் சாய்கிறதா, இடப்பக்கம் வையுங்கள். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்தி விளையாடும்போது கையை நகர்த்துவோமே, அதே கணக்கு.

இதில் விழாமல் ஐம்பது எம்பல் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. ஐம்பது வந்த பிறகு ஒவ்வொரு எம்பலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி ஒரு முழு வட்டம் போடுங்கள், இரண்டு பக்கமும். அப்புறம் சுண்ணாம்பால் தரையில் ஒரு நீளக் கோடு போட்டு, பக்கவாட்டில் கோட்டைத் தாண்டித் தாண்டி எம்புங்கள். வலப்பக்கம் சுலபமா, இடப்பக்கம் சுலபமா என்று இங்கே தெரிந்துவிடும். சுலபமான பக்கத்தை முதலில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இறங்குவது

ஏறுவதற்கு முன் இறங்கப் பழகுவது தலைகீழாகத் தோன்றும். ஆனால் திண்டின் மேல் நிற்கும்போது வரும் பயம் முக்கால்வாசி, எப்படிக் கீழே வருவது என்று தெரியாததால் வருவது. அந்தப் பயம் இருந்தால் ஏறும்போதே உடம்பு பின்வாங்கும்.

இரண்டு விதம் பழகுங்கள். ஒன்று வண்டியைவிட்டு விலகுவது. சரியாக வரவில்லை என்று தெரிந்த கணமே சீட்டைக் கைவிட்டு, இரண்டு காலும் தரையில் படும்படி முன்னாலோ பின்னாலோ குதித்துவிடுங்கள். வண்டி விழட்டும், அது தாங்கும். விழும் வண்டியைக் காலால் தடுக்கப் போய்த்தான் கணுக்கால் சுளுக்குகிறது. இதைச் சமதரையில் வேண்டுமென்றே இருபது முறை செய்து பாருங்கள்.

மற்றொன்று வண்டியோடு இறங்குவது. ஒரு பலகை மேல் ஏறி நின்று, சுவரைப் பிடித்து வண்டியில் ஏறி, அங்கிருந்து பக்கவாட்டில் தரைக்கு எம்புங்கள். டயர் தரையைத் தொடும்போது முழங்கால் மடங்கிக் கொடுக்க வேண்டும். சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தால் முதுகுத்தண்டு வாங்கும். முழங்கால் உயரத்துக்கு மேலிருந்து இறங்கும்போது முன்பக்கமாக இறங்கி, டயர் தொட்டதும் சக்கரத்தைக் கால்வாசிச் சுற்று உருளவிடுங்கள். அடி முழுவதும் ஒரே இடத்தில் இறங்காமல் உருளலில் போய்விடும்.

மூன்றாம் படி: பக்கவாட்டில் செங்கல் மேல்

நம் ஊரில் இதற்கு அளவுகோல் வாங்கத் தேவையில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லாம் கிடைக்கும். செங்கல் படுக்கையில் 3 அங்குலம், அதாவது ஏழரை செ.மீ. ஒருசாய்த்து வைத்தால் நாலரை அங்குலம். ஹாலோ பிளாக் கல் 8 அங்குலம், 20 செ.மீ. ஒரு செங்கல் மட்டும் வைத்தால் ஆடும், இறங்க இடமும் போதாது. எட்டுப் பத்துக் கல்லை நெருக்கி அடுக்கி, மேலே ஒரு சென்ட்ரிங் பலகை போடுங்கள். குறைந்தது இரண்டடிக்கு இரண்டடி மேடை வேண்டும். பலகை நழுவாமல் அடியில் பழைய டயர் ட்யூபை வெட்டிப் போட்டால் போதும்.

மேடைக்கு இணையாக, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். சக்கரம் ஓடும் திசை மேடையின் விளிம்புக்கு இணை. உங்கள் நல்ல பக்கம் மேடையைப் பார்த்திருக்கட்டும். இனி நடப்பது ஒரே மூச்சில் நடப்பதுதான், ஆனாலும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன எம்பல், நின்ற இடத்திலேயே. இது உயரத்துக்காக இல்லை. இதிலிருந்து இறங்கும்போது டயர் அமுங்கும். அமுங்கிய டயர் திரும்பி எழும் அந்த உந்தலைப் பெரிய எம்பலுக்கு எடுத்துக்கொள்கிறோம். சின்ன எம்பலுக்கும் பெரிய எம்பலுக்கும் நடுவே நின்றுவிட்டால் உந்தல் வீணாகிவிடும். சின்னது, உடனே பெரியது.

டயர் அமுங்கும்போதே உடம்பு மேடைப் பக்கம் சாயத் தொடங்க வேண்டும். உடம்பு முன்னே போக, சக்கரம் பின்னே வந்து சேரும். பெரும்பாலானவர்கள் இதைத் திருப்பிச் செய்கிறார்கள்: உடம்பை இங்கேயே வைத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் மேடைக்கு அனுப்புகிறார்கள். சக்கரம் மேலே போய்ச் சேரும், ஆள் இந்தப் பக்கம் விழுவார்.

பிறகு காலை முழுவதுமாக நீட்டி எழுங்கள். முழுவதுமாக என்றால் முழங்கால் நேராகும் வரை. பயத்தில் பாதியிலேயே காலை மடக்கத் தொடங்கினால் உயரம் பாதியாகிவிடும். சீட் தொடைகளுக்கு நடுவே கொஞ்சம் கீழே போனது போல இருக்கும்.

கால் நீண்டு முடிந்த கணத்தில் கை சீட்டை இழுக்கிறது, முழங்கால் நெஞ்சை நோக்கி மடங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில். சக்கரம் ஏறும் உயரம் இரண்டு கூட்டல்: உங்கள் இடுப்பு எவ்வளவு உயர்ந்தது, அதற்கு மேல் கால் எவ்வளவு மடங்கியது. இடுப்பு 25 செ.மீ. உயர்ந்து, கால் 20 செ.மீ. மடங்கினால் டயர் 45 செ.மீ.யில் இருக்கும். இடுப்பை இன்னும் 10 செ.மீ. உயர்த்த மாதக்கணக்கில் பஸ்கி எடுக்க வேண்டும். மடக்கலில் அதே 10 செ.மீ.யைப் பத்து நாளில் கூட்டிவிடலாம், கை கூட இழுத்தால். அந்தக் கபடித் தம்பி சீட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய அன்றே செங்கல் மேல் ஏறிவிட்டான்.

கண் எங்கே இருக்க வேண்டும்? விளிம்பைப் பார்க்காதீர்கள். டயர் எங்கே அமர வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள், விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே. பலகையில் அங்கே சுண்ணாம்புப் பொட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் நடுப்பகுதி அதன்மேல் உட்கார வேண்டும். டயர் விளிம்பில் பட்டால் வழுக்கும், அல்லது கல்லின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும்.

ஏறியதும் முடிந்துவிடவில்லை. மேலே போய் மூன்று சின்ன எம்பல் போட்டு நிலைப்படுங்கள். மூன்று போட முடியாமல் விழுந்தால் அது ஏறியதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்துக்கு எட்டு முறை நிலைப்பட்டால் அடுத்த உயரம். என் வரிசை இப்படி இருந்தது: படுக்கைச் செங்கல், ஒருசாய்த்த செங்கல், சரக்கு வைக்கும் மரப் பேலட், ஹாலோ பிளாக், படுக்கப் போட்ட லாரி டயர். லாரி டயருக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை, டயர் கடைகளில் தேய்ந்ததைக் கேட்டால் தந்துவிடுவார்கள். உயரம் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு, விழுந்தாலும் அடிபடாது. ஆனால் அது அமுங்கும், நடுவில் குழி வேறு. மேலே ஒரு பலகையைக் கட்டிவிட்டுப் பழகுங்கள்.

25 செ.மீ. என்ற எல்லை

ஹாலோ பிளாக்கை நன்றாக ஏறியவர்கள் ஒரு அடித் திண்டில் திடீரென்று தடுமாறுவார்கள். பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் வேறு.

சக்கரத்தின் விட்டம் 50 என்றேன். கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது பெடல் அச்சின் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். திண்டு அதைவிடத் தாழ்வு என்றால், நீங்கள் ஒட்டி நின்றாலும் பெடல் திண்டின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், சிக்கல் இல்லை. திண்டு 25-ஐத் தாண்டினால் பெடல் திண்டின் பக்கச் சுவரில் இடிக்கும். பெடல் சக்கரத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் வெளியே நீண்டிருக்கிறது. ஆகவே இனி நீங்கள் ஒரு சாணுக்கு மேலேயே தள்ளி நிற்க வேண்டும்; மேலே போவதோடு பக்கவாட்டிலும் அதிகம் போக வேண்டும். ஒன்றரைச் சாண் தள்ளி நின்று பாருங்கள். தரையில் முதலில் பழகிய கோடு தாண்டும் பயிற்சி இங்கேதான் பலன் தரும். இரண்டு கோட்டை அரை மீட்டர் இடைவெளியில் போட்டு, உயரம் இல்லாமல் வெறும் தூரத்தை மட்டும் சில நாள் பழகிவிட்டு வாருங்கள்.

இதே 25 செ.மீ. நமக்கு ஒரு சலுகையும் தருகிறது. திண்டு மிக உயரம் என்றால் டயரை மேலே வைக்க வேண்டியதில்லை, பெடலை மட்டும் விளிம்பில் வைத்து நிற்கலாம். 60 செ.மீ. திண்டில் பெடலை வைக்கச் சக்கரம் 35 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் எழுந்தால் போதும். டயர் திண்டின் பக்கச் சுவரோடு ஒட்டித் தொங்கும், உங்கள் எடை விளிம்பில் இருக்கும் பாதத்தின் மேல். அங்கிருந்து மறுபடி எம்பி, கையால் இழுத்து, டயரை மேலே கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது எம்பல் கடினம், ஏனென்றால் உந்தித் தர டயர் தரையில் இல்லை. முழுக்க முழுக்கக் கையும் முழங்காலும் செய்யும் வேலை. பெடலில் நிற்பதைப் பழகும்போது ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை அடுக்கி, 40 செ.மீ.யில் தொடங்குங்கள். கிராங்கின் மேல் நேராக எடை விழாமல் பெடலின் மேல் விழும்படி பாருங்கள்.

முன்பக்கமாக ஏறுவது

படிக்கட்டு மாதிரி இடங்களுக்கு இது வசதி. வரிசையாகப் பல படிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பார்த்தபடியே ஏறலாம். முன்பெடல் அச்சிலிருந்து 13, 14 செ.மீ. முன்னே போகிறது, டயர் 25 செ.மீ. முன்னே போகிறது, பெடல் இடிக்கும் கவலை இல்லை. டயர் படியைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு நில்லுங்கள். எம்பலும் இழுப்பும் அதேதான், ஆனால் இடுப்பு முன்னே போக வேண்டும். மேலே இறங்கியதும் முன்பாதத்தில் லேசாக ஓர் அழுத்தம், சக்கரம் விளிம்பிலிருந்து உள்ளே உருண்டுவிடும். வழக்கமான வீட்டுப் படி ஆறு, ஏழு அங்குலம் உயரம். கால் வைக்கும் அகலம் பத்து அங்குலம்தான். 50 செ.மீ. சக்கரத்துக்கு அது நெருக்கம். அகலமான படிகளில் பழகுங்கள்.

உருண்டு வந்தபடியே எம்புவதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். இந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.57 மீட்டர் போகும். உங்கள் நல்ல கால் முன்னால் வந்து கிராங்க் இணையாகும் நிலை, ஒவ்வொரு 1.57 மீட்டருக்கும் ஒரு முறைதான் வரும். எம்ப வேண்டிய இடத்தில் ஒரு கோடு, அங்கிருந்து பின்னோக்கி 1.57 மீட்டரில் ஒன்று, 3.14 மீட்டரில் ஒன்று போடுங்கள். கடைசிக் கோட்டில் நல்ல கால் முன்னால் இருக்கும்படி நின்று கிளம்பினால், எம்பும் இடத்துக்குக் கால் தானாகச் சரியாக வந்து சேரும். ஒரு வாரத்தில் கோடு இல்லாமலேயே கண் பழகிவிடும்.

சீட்டை முன்னால் எடுப்பது

சீட் தொடைக்கு நடுவில் இருக்கும்வரை சக்கரம் ஏறும் உயரத்துக்கு வரம்பு உண்டு. சீட் மேலே வந்து உடம்பில் முட்டும். 45 செ.மீ. பக்கம் வந்தவர்கள் சீட்டைக் காலிடுக்கிலிருந்து வெளியே எடுத்து, வயிற்றுக்கு முன்னால் கையில் பிடித்தபடி எம்பக் கற்க வேண்டும். அப்போது சக்கரம் மேலே வர ஒரு தடையும் இருக்காது. உயரமாக ஏறுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏறுகிறார்கள்.

முதலில் சீட்டின் மேல் எடையே இல்லாமல் பெடலில் நின்று எம்பப் பழகுங்கள். அப்புறம் நடு எம்பலில் சீட்டை முன்னே நழுவவிட்டு எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டால் தொடக்கத்தில் ஆட்டம் குறையும். தொடை நடுங்கும், மூச்சு வாங்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நின்ற இடத்தில் முப்பது எம்பல் வந்த பிறகு மறுபடி ஒற்றைச் செங்கல்லில் இருந்து தொடங்குங்கள். பழைய உயரத்துக்கு உடனே போக மனம் இழுக்கும், போகாதீர்கள். கை நிலை மாறியதால் எல்லாமே புதிது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க

கைபேசியைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் படம் பிடியுங்கள். மேலே இறங்கியதும் சக்கரம் உருண்டு ஓடுகிறது என்றால், காற்றில் இருக்கும்போது ஒரு பாதம் மட்டும் பெடலை அழுத்தியிருக்கும். பாதம் பெடலைவிட்டுப் பறக்கிறது என்றால் கை தாமதம். டயர் விளிம்பில் தட்டி விழுகிறது, ஆனால் படத்தில் தலை நல்ல உயரத்துக்குப் போயிருக்கிறது என்றால் கால் மடங்கவில்லை. தலையே உயரவில்லை என்றால் கால் முழுவதும் நீளவில்லை. ஏறி நின்ற பிறகு எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால், வெறும் கை எங்கே போகிறது என்று பாருங்கள். அது பின்னால் வீசப்பட்டு உடம்பைத் திருப்பியிருக்கும்.

ஏற்காட்டில்

பலகையிலும் பேலட்டிலும் ஏறிக்கொண்டிருந்தவனை உண்மையில் இதில் பிடித்து வைத்தது மலைதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரமுமாக 1,500 மீட்டர் உயரத்தில் ஊர். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் என்ற வகை. கருத்து, கெட்டியாக, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். காய்ந்திருக்கும்போது டயர் அதில் ஒட்டிக்கொள்வது போலப் பிடிக்கும், சிமெண்டைவிட நன்றாக. கரடுமுரடான நிலத்தில் ஒற்றைச் சக்கரம் ஓட்டுவதை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களில் ஒருவரான கனடாவின் கிரிஸ் ஹோல்ம் மலைப்பாறைகளில்தான் பெயர் பெற்றார். 1984-இல் தொடங்கிய யூனிகான் உலகப் போட்டியில் இன்று தடை ஏறுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மரக்கட்டை, பேலட், பாறை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள், தரையில் கால் படாமல் கடந்தால்தான் கணக்கு. நம் மலையில் அது எல்லாம் யாரும் அடுக்காமலே கிடக்கிறது.

ஆனால் பாறை பலகை மாதிரி இல்லை. மேற்பரப்பு சாய்ந்திருக்கும். ஏறுவதற்கு முன் வண்டியை ஓரமாக வைத்துவிட்டு, பாறை மேல் நடந்து போய் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பாசி இருக்கிறதா, ஈரமா, சரளை மண் ஒட்டியிருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வரும்போது காலையில் காய்ந்திருந்த பாறை அரை மணியில் வழுக்கும். அன்று எம்பாதீர்கள். டயர் அமரும் இடம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் எந்தப் பக்கம் விழுவேன், அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் ஒருவரை நிற்க வையுங்கள்.

மலைச்சாலை வளைவுகளில் இருக்கும் தடுப்புச் சுவர்களைப் பார்த்தால் எம்ப ஆசை வரும். சரியான உயரம், சரியான அகலம். அவற்றைத் தொடவே வேண்டாம். அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் பஸ். கோயில் படிகளும் வேண்டாம். தோட்டத்துக்குள் இருக்கும் பாறை என்றால் காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்ட இடங்களில் முதலில் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்கள், ஓர் எம்பலைக் காட்டியதும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காய்ப் பறிப்புக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, களத்தில் காபி காயும்போது அந்தப் பக்கம் போகாமல் இருப்பது மரியாதை.

சேலத்தில் பழகி வந்த உயரத்தில் பாதியை மட்டும் முதல் நாள் மலையில் முயலுங்கள். முழங்காலுக்கும் தாழ்வான, மேல்பக்கம் தட்டையான ஒரு பாறையாகத் தேடுங்கள். ஏறியதும் மூன்று எம்பல், நிலைப்படுங்கள், ஏறிய வழியே பக்கவாட்டில் இறங்குங்கள். பிறகு அதே பாறையை மறுபக்கத்திலிருந்து.

திரும்பக் கிளம்பும் முன் கிராங்க் போல்ட் இரண்டையும் ஆலன் சாவியால் இறுக்குங்கள். போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் சேர்த்து அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று ஒன்று இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, கீழே வந்ததும் வீல் பென்ட் எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.